இங்கே ஒரு பூட்டு, அங்கே ஒரு பூட்டு

சிறுபான்மையினரின் உரிமைகளைப் பாதுகாக்க இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது, கமிஷன் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது. இவை போதாதென்று பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மையமும் இருந்தது. அண்டை நாட்டுச் சிறுபான்மையினர் உரிமை ஒப்பீட்டு மையம் என்று அதற்குப் பெயர். இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாதவர்களை அங்கே வேலைக்கு எடுப்பதில்லை. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு அந்த மையம் மைக்கேல்ராஜ் என்ற மனிதருக்குச் செய்த சேவையைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். பாராட்டுரையை எதிர்பார்ப்பவர்கள் மையத்தின் ஆண்டு மலரைப் படித்துக்கொள்ளலாம்.

மைக்கேல்ராஜ் விவேக் நகர்க்காரர். டெலிபோன் செய்யும் சர்க்கார் தொழிற்சாலை ஒன்றில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்து, வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்தவர். அந்த வருஷம் பிப்ரவரியில் அவருடைய மனைவி பெர்னதெத் காய்ச்சலில் இறந்துபோனார். சந்துக்குள் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். மண் நன்றாக இறங்கிக் கெட்டிப்பட்ட பிறகுதான் கல் நடுவது வழக்கம் என்பதால், அப்போதைக்கு ஒரு மரச்சிலுவையில் வெள்ளைப் பெயின்டால் பெயரை எழுதி நட்டுவிட்டு வந்தார்கள். கல்லை மே மாதமே செதுக்கி வாங்கிவிட்டார் மைக்கேல்ராஜ். பெயர், பிறப்பு, இறப்பு, கீழே ஒரு புறா. அந்தக் கல் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். ஊரே போய்த் தங்கள் ஆட்களின் கல்லறைகளைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றும் நாள். அதற்குள் கல்லை நட்டு, அன்றைக்கு அதன் முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட வேண்டும். அவருக்கு இருந்த ஆசை இவ்வளவுதான். இதற்கு உரிமை என்று ஒரு பெயர் இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஜூன் மாதம் தோட்டத்தை ஒட்டிக் கட்டிய ஐந்து மாடி அபார்ட்மென்டுக்கு ஆட்கள் குடிவந்தார்கள். பால்கனியில் நின்று காபி குடித்தால் சிலுவைகள் தெரிவதாகவும், சவம் வருகிற நாளில் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவதாகவும் குடியிருப்போர் சங்கம் வருத்தப்பட்டது. வருத்தப்பட்ட கையோடு தோட்டத்தின் தகரக் கதவில் ஒரு பூட்டையும் போட்டது.

பங்குச் சாமியார் பொறுமையாக இருக்கச் சொன்னார். மைக்கேல்ராஜ் வார்டு ஆபீசுக்குப் போனார். அங்கே நம்ப முடியாத ஒன்று நடந்தது. என்ஜினியர் அவர் சொன்னதைக் கேட்டார்.

"அவங்க யாரு பூட்டு போட? ரோடு நம்முது, கேட்டு சர்ச்சுது. நாளைக்கு காலைல ஆள் அனுப்பறேன், ரெண்டு தட்டு தட்டினா ஆயிது. லெட்டர் கிட்டர் ஒண்ணும் பேடா, போங்க."

சொன்னபடி மறுநாள் காலை ஆள் வந்தார். கையில் சுத்தியல் இருந்தது. பூட்டு துருப்பிடித்த பழைய பூட்டு. ஒரே அடியில் போய்விடும். சுத்தியலை ஓங்கிய நேரத்தில் சந்துமுனையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் குதித்து ஓடிவந்தாள்.

"நிறுத்துங்க! ப்ளீஸ், டேட்டாவ உடைச்சிடாதீங்க!"

அவள் பெயர் கிருத்திகா. கரூரிலிருந்து வந்து ஒப்பீட்டு மையத்தில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். மாலைப் பத்திரிகையில் பூட்டைப் பற்றி வந்த இரண்டு வரிச் செய்தியைப் படித்துவிட்டு ஓடிவந்திருந்தாள்.

"சார், கராச்சியில இதே மாதிரி ஒரு இடுகாட்டுக் கதவ பூட்டி வெச்சிருக்காங்க. அங்க இருக்கிற ஹிந்துக்களோடது. ரெண்டு மாசமா அதுக்கு ஒரு ஜோடி தேடிட்டிருக்கோம். கடவுளா பாத்து உங்களக் குடுத்திருக்காரு."

"அதெல்லாம் சரிம்மா. இத ஒடச்சிட்டு நிதானமா பேசலாமே," என்றார் மைக்கேல்ராஜ்.

"உடைச்சிட்டா நீங்க பாதிக்கப்பட்டவரா இருக்க மாட்டீங்களே சார்."

சுத்தியல்காரர் என்ஜினியருக்குப் போன் போட்டார். என்ஜினியருக்கு அதற்குள் மையத்தின் இயக்குநரிடமிருந்து போன் போயிருந்தது. "டெல்லி மேட்டராம், நமக்கு யாக்கே வம்பு? வந்துடு," என்றார் என்ஜினியர். சுத்தியல் போய்விட்டது.

மையத்தின் இயக்குநர் வெங்கடசுப்ரமணியன் மாநில அரசுச் சேவையில் முப்பது வருஷம் கையெழுத்துப் போட்டு ஓய்வுபெற்றவர். மூன்று தலைமுறையாகப் பெங்களூர். அவருடைய அறையில் சுவர் முழுக்க ஒரு பலகை மாட்டியிருந்தது. இடது பக்கம் 'இங்கே', வலது பக்கம் 'அங்கே'. அண்டை நாட்டின் பெயரை மையத்துக்குள் யாரும் சொல்வதில்லை. அங்கே என்றால் போதும்.

"உக்காருங்கோ மிஸ்டர் மைக்கேல்ராஜ். மொதல்ல ஒண்ணு தெளிவா புரிஞ்சுக்கணும். நாங்க குறை தீர்க்கறவா இல்லை. குறை தீர்க்கறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்கா. நாங்க ஒப்பிடறவா. உரிமைன்னு தனியா ஒரு வஸ்து கிடையாது. ஒருத்தர் உயரம்னு எப்படிச் சொல்றோம்? பக்கத்துல ஒரு குள்ளன் நின்னாத்தானே?"

"நானே குள்ளம்தான் சார்."

"அங்கே இருக்கறவர் உங்களைவிடக் குள்ளமா இருப்பார். அதைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கத்தான் நாங்க இருக்கோம்."

மையம் அதுவரை சாதித்ததையும் அவர் சொன்னார். பிரேசர் டவுனில் ஒரு மசூதிச் சந்தில் தண்ணீர்க் குழாயை வெட்டிவிட்டார்கள் என்று ஒருவர் மனுவோடு வந்திருக்கிறார். அங்கே ஒரு சர்ச்சுக்கு மூன்று மாதமாகத் தண்ணீர் இல்லை என்பதை மையம் கண்டுபிடித்துக் கொடுத்ததாம். வந்தவர் வாயடைத்துப் போய்விட்டாராம்.

"அப்புறம் தண்ணி வந்துச்சா சார்?"

"அது வேற டிபார்ட்மென்ட். இன்னொண்ணு கேளுங்கோ. ஒரு முஸ்லிம் பையன், சாஃப்ட்வேர்ல நல்ல வேலை. பதினோரு தெருவுல வீடு இல்லைன்னு சொல்லிட்டா. பாவம், ரொம்ப மனசு உடைஞ்சு வந்தான். அங்கே ஒரு ஹிந்து டாக்டருக்கு பதினஞ்சு தெருவுல இல்லைன்னிருக்கா. நாலு தெரு வித்தியாசத்துல நாம ஜெயிச்சோம். அன்னிக்கு ஆபீஸ்ல பாயசம்."

மைக்கேல்ராஜுக்குப் பாயசம் கொடுக்கவில்லை. கேள்விகள் கொடுத்தார்கள். கிருத்திகா எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அங்க இருக்கறவரைவிட நீங்க எவ்ளோ கம்மியா கஷ்டப்படறீங்க சார்? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."

"அவரு யாருன்னே தெரியாதேம்மா."

"பேர் சொல்லக்கூடாது சார். 'அங்கே பதினாலு'ன்னு வெச்சுக்குங்க. நீங்க 'இங்கே பதினாலு'."

"அவருக்கு யாரு செத்துட்டாங்க?"

கேள்வித்தாளில் அது இல்லை. கிருத்திகா பேனாவை மூடி வைத்தாள். பிறகு அடுத்த கேள்விக்குப் போனாள். நல்ல பெண்தான். சம்பளமும் நல்ல சம்பளம்.

அடுத்த வாரம் மையம் தோட்டத்துக் கதவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதற்குள் குடியிருப்போர் சங்கத்துக்குப் பூட்டில் இருந்த ஆர்வம் போய்விட்டது. லிஃப்ட் விஷயமாகச் சங்கம் இரண்டாக உடைந்திருந்தது. சாவியை மையத்திடம் கொடுத்துவிட்டு, விட்டது தொல்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஆக, பூட்டு வேண்டுமென்று நினைத்தவர்கள் விலகிப் போனார்கள். திறக்க வேண்டுமென்று நினைத்தவர் வெளியே நின்றார். நடுவில் மையம் சாவியை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுக்கொண்டிருந்தது.

கராச்சியிலும் இதேபோல ஒரு மையம் இருந்தது. அவர்கள் பூட்டைப் பற்றிய விவரம் ஜூலையில் வந்து சேர்ந்தது. வெங்கடசுப்ரமணியன் இரண்டு பூட்டுகளையும் எடையில் ஒப்பிட்டார். நம்முடையது எண்ணூறு கிராம், அங்கே ஒன்றேகால் கிலோ. நம் நாட்டில் சிறுபான்மையினர் எவ்வளவு இலேசாக நடத்தப்படுகிறார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா என்று இங்கிலீஷ் பத்திரிகையில் கட்டுரை எழுதினார்.

கராச்சி மையத்துக்கு ரோஷம் வந்தது. ஆகஸ்டில் தங்கள் பூட்டைக் கழற்றிவிட்டு அரைக் கிலோவில் ஒன்று மாட்டினார்கள். போட்டோவும் அனுப்பினார்கள். நாம் சும்மா இருப்போமா? முந்நூறு கிராமுக்கு இறங்கினோம். அவர்கள் மேஜை டிராயர் பூட்டுக்குப் போனார்கள். செப்டம்பர் கடைசியில், சூட்கேஸில் போடுகிற பொடிப்பூட்டு ஒன்றை மையம் வாங்கிவந்து தோட்டத்துக் கதவில் தொங்கவிட்டது. கைவிரலால் இழுத்தாலே வந்துவிடும் போல இருந்தது. யாராவது இழுத்துவிடப் போகிறார்கள் என்று இரண்டு காவலாளிகளைப் போட்டார்கள். அவர்களுக்கு யூனிஃபார்ம், தடி, பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர். அவர்கள் இருவரும் பூட்டைக் காவல் காத்தார்கள்.

"இவ்ளோ சின்ன பூட்டு போடறதுக்கு, போடாமயே இருக்கலாமே சார்?" என்று மைக்கேல்ராஜ் ஒரு நாள் கேட்டார்.

வெங்கடசுப்ரமணியனுக்கு முகம் சிவந்துவிட்டது. "பூட்டே இல்லைன்னா எதை வெச்சு ஒப்பிடறது? உங்களுக்கு உங்க குடும்பம்தான் பெரிசு. நான் முழு சிறுபான்மைச் சமூகத்தையும் பார்க்கணும்."

அக்டோபர் மாதம் வந்தது. கல் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றது. பெர்னதெத்தின் தங்கை பிரிஜெட் அதை வாரம் ஒருமுறை துடைப்பாள். "கல்லுக்குக் கூட வீட்டுல தூசி புடிக்குது மாமா. வெளிய இருக்க வேண்டியது," என்பாள். மைக்கேல்ராஜ் ஆத்திரத்தை எல்லாம் அடக்கிக்கொண்டு மையத்துக்கே போனார். ஐந்தே நிமிஷம் உள்ளே போய்க் கல்லை நட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினார்.

"மிஸ்டர் மைக்கேல்ராஜ், அஞ்சு நிமிஷம் உள்ளே போனா, அஞ்சு நிமிஷம் உங்களுக்கு உரிமை இருந்ததுன்னு ஆயிடும். ஆறு மாச ஆராய்ச்சி வீணாப்போயிடும். நவம்பர் ரெண்டாம் தேதி இரு நாட்டு மாநாடு வெச்சிருக்கோம். உங்க பண்டிகை நாளா பார்த்துத்தான் வெச்சோம், மரியாதைக்கு. அன்னிக்கு நீங்க மேடையில உக்காரப் போறேள்."

ஒரு நல்ல காரியமும் செய்திருப்பதாக அவர் சொன்னார். வெளிநாட்டு விருந்தாளிகள் போட்டோ எடுக்க வரும்போது தோட்டம் பார்க்க இலட்சணமாக இருக்க வேண்டும் என்று சுத்தம் செய்ய ஆள் விட்டிருக்கிறார்கள். மைக்கேல்ராஜுக்கு அதைக் கேட்டு மனம் இளகிவிட்டது. ஐந்து மாத மழையில் புல் மண்டிப்போயிருக்குமே என்று அவர் ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்த மனிதர். மறுநாள் தகரக் கதவுக்கு வெளியே நின்று, சுத்தம் செய்கிற ஆட்களுக்குக் காவலாளி மூலமாக டீயும் பன்னும் வாங்கி உள்ளே அனுப்பினார். நன்றாகச் செய்யச் சொல்லுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

மாநாட்டு நாள் காலையில் அவருக்கு ஒரு கோட்டு கொடுத்தார்கள். கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைச் சட்டைக்கு வெளியே எடுத்துவிடச் சொன்னார்கள். நெஞ்சில் ஓர் அட்டை குத்தினார்கள். சிறுபான்மை, இந்தியா என்று அதில் எழுதியிருந்தது. மேடையில் அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் அதே மாதிரிக் கோட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் அட்டையில் சிறுபான்மை, பாகிஸ்தான். நெற்றி முழுக்கத் திருநீறு. அவ்வளவு திருநீறு அவராக வைத்துக்கொண்ட மாதிரி இல்லை.

வெங்கடசுப்ரமணியன் பேசினார்.

"நண்பர்களே, நம் சிறுபான்மையினருக்கு நாம் செய்திருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு எது? சட்டமா? இல்லை. அண்டை நாடு. அண்டை நாடு என்று ஒன்று இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். ஒருவர் நம்மிடம் வந்து, எனக்கு அநியாயம் நடக்கிறது என்று சொன்னால், அங்கே பார் என்று காட்டுவதற்கு நமக்கு இடமே இருந்திருக்காது. நாம் ஏதாவது செய்ய வேண்டி வந்திருக்கும்!"

அரங்கம் கைதட்டியது. அந்த ஆபத்தை எல்லாரும் உணர்ந்த மாதிரி இருந்தது. அடுத்து கராச்சி மையத்தின் தலைவர் எழுந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி. அவர் உருதுவில் பேசியதும் இதேதான். இங்கே வருகிற இடத்தில் அங்கே, அங்கே வருகிற இடத்தில் இங்கே. கைதட்டலும் அதே அளவு.

மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் பிஸிபேளாபாத் தட்டோடு நின்றபோது, திருநீற்றுக்காரர் மைக்கேல்ராஜிடம் மெல்லக் கேட்டார்.

"நீங்க தமிழா அண்ணே?"

மைக்கேல்ராஜுக்குத் தட்டு நழுவப் பார்த்தது. "நீங்க கராச்சி இல்ல?"

"கராச்சிதான். துறைமுக வேலைக்கு மெட்ராஸ்லேர்ந்து கப்பல் ஏறினவங்க நம்ம ஆளுங்க. எம்பேரு அப்பாதுரை. எங்க பேட்டையில இன்னமும் தமிழ்தான் பேசறது, வூட்டுக்குள்ள."

"அங்கே பதினாலு நீதானா?"

"இல்லண்ணே. எங்க ஊரு மையத்து தஃப்தர்ல நான் 'இங்கே பதினாலு'. நீங்கதான் 'அங்கே'."

இருவரும் தட்டை எடுத்துக்கொண்டு போய் ஜெனரேட்டர் அறைப் படியில் உட்கார்ந்தார்கள். அப்பாதுரை சொன்னார். அம்மாவைப் புதைத்த இடத்தில் வருஷத் திதிக்கு ஒரு விளக்கு வைக்க வேண்டும். பக்கத்தில் கோடவுன் கட்டுகிறவன் கதவைப் பூட்டிவிட்டான்.

"போலீஸ் ஸ்டேஷன் தானேதார் நல்ல மனுசன்ணே. ஒடச்சிக்கங்கப்பா, நான் பாத்துக்கறேன்னுட்டாரு. நாங்க கடப்பாரையோட போறோம், இந்த மையத்துக்காரங்க கார்ல வந்து எறங்கறாங்க. ஹிந்துஸ்தான்ல ஒரு கிறிஸ்தவரு பொண்டாட்டி சமாதிக்குப் போவ முடியாம நிக்கறாரு, அவரோட பாத்தா நீ எவ்ளோ பரவால்ல, சபர் கரோன்னாங்க. நான் தெனம் ராத்திரி உங்கள நெனச்சிக்குவேண்ணே. பாவம் அந்தாளு, நம்மளவிட கஷ்டப்படறாரேன்னு."

"என்னாண்டயும் அதாம்பா சொன்னாங்க. உன்னியப் பாத்து பொறுத்துக்கச் சொன்னாங்க."

அப்பாதுரை தட்டைப் படியில் வைத்தார்.

"அப்ப உங்களத் தொறந்து வுட்டா என்னியும் வுட்டுருவாங்களாண்ணே?"

"உன்னிய வுட்டா என்னிய வுடுவாங்கன்னு நான் நெனச்சினு இருந்தேன்," என்றார் மைக்கேல்ராஜ்.

"மாஃப் பண்ணுங்கண்ணே. என் பூட்டால உங்களுக்கு பூட்டு."

"நீ இன்னாப்பா பண்ணுவ," என்று மைக்கேல்ராஜ் அவர் கையைப் பிடித்தார். அவருக்கு அழுகை வந்தது. இத்தனை மாதத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள், அவரைப் போலவே பூட்டுக்கு வெளியே நின்றவன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாநாட்டின் முக்கிய நிகழ்ச்சி. வெல்வெட் விரித்த தட்டில் இரண்டு பொடிச் சாவிகளைக் கிருத்திகா ஏந்தி வந்தாள். பின்வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று திரையில் பெரிதாக்கிக் காட்டினார்கள். வெங்கடசுப்ரமணியன் மைக்கைப் பிடித்தார்.

"சரித்திரத்திலேயே முதல் முறையாக இரு நாட்டுச் சிறுபான்மையினரும் முழுச் சமநிலையை அடைந்திருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் கதவு பூட்டியிருக்கிறது. இரண்டு இடத்திலும் பூட்டு சிறியது. இதன் நினைவாக, நம் பூட்டின் சாவியை அவர்களுக்கும், அவர்கள் பூட்டின் சாவியை நமக்கும் நிரந்தரமாகப் பரிசளித்துக்கொள்கிறோம். சாவிகள் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். இதைவிட நம்பிக்கைக்கு அடையாளம் வேறென்ன வேண்டும்?"

இங்கே பதினாலையும் அங்கே பதினாலையும் முன்னால் அழைத்தார்கள். மைக்கேல்ராஜ் தன் சாவியை எடுத்து அப்பாதுரையிடம் கொடுக்க வேண்டும். அப்பாதுரை தன்னுடையதை இவரிடம் கொடுக்க வேண்டும். போட்டோக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். மைக்கேல்ராஜ் சாவியைக் கையில் எடுத்தார். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. இதற்காகவா இவ்வளவு நாள் தெருநாய் மாதிரி அலைந்தோம் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பாதுரை," என்றார். மைக்கில் கேட்டது. "இத உன்னாண்ட குடுத்தா நீ இன்னா பண்ணுவ? உன்னுது உன்னாண்டயே இருக்கட்டும். என்னுது என்னாண்ட இருக்கட்டும். வா, போலாம்."

அப்பாதுரை தன் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நீதிபதி கைதட்டினார். வெங்கடசுப்ரமணியனும் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதே இருவரும் மேடையை விட்டு இறங்கி, வாசலைத் தாண்டி, ஆட்டோ ஏறிவிட்டார்கள்.

விவேக் நகரில் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, ஆட்டோக்காரரும் சேர்ந்து மூன்று பேருமாகக் கல்லைத் தூக்கி ஏற்றினார்கள். பிரிஜெட் செவந்திப் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். தோட்டத்து வாசலில் காவலாளி சாவியைப் பார்த்ததும் சல்யூட் அடித்தான். சாவியோடு வருகிறவர்களுக்கு சல்யூட் அடிக்கும்படிதான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். பூட்டு ஒரு சத்தமும் போடாமல் திறந்துகொண்டது.

உள்ளே புல் இல்லை. செடி இல்லை. வழி நெடுகச் செம்மண் சரளை கொட்டி இரண்டு பக்கமும் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். பழைய கல் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கிழக்குச் சுவரோரம், புதிதாக அடக்கம் செய்தவர்களின் வரிசையில், மண்மேடுகளைக் காணோம். கடப்பாரையும் மண்வாரியும் போட்டு, விளையாட்டு மைதானம் மாதிரித் தட்டையாக்கியிருந்தார்கள். அந்த வரிசையில் நட்டிருந்த மரச்சிலுவைகளையெல்லாம் பிடுங்கி மூலையில் விறகு மாதிரி அடுக்கியிருந்தார்கள். மைக்கேல்ராஜ் ஓடிப்போய் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பினார். மழையில் பெயின்ட் கரைந்து, எந்தச் சிலுவையிலும் பெயர் இல்லை.

"வேப்பமரத்துக்கு நேரா மாமா. அக்கா தல வேப்பமரத்து பக்கம்தான்," என்றாள் பிரிஜெட். வேப்பமரத்தையும் வெட்டிவிட்டிருந்தார்கள்.

வெளியே கார்கள் வந்து நின்றன. வெங்கடசுப்ரமணியன், நீதிபதி, கிருத்திகா, போட்டோக்காரர்கள். ஓடிப்போன சாவியைப் பிடிக்க வந்தவர் வெங்கடசுப்ரமணியன். ஆனால் உள்ளே வந்து பூந்தொட்டிகளைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் போய்விட்டது. நீதிபதியின் தோளில் கை வைத்தார்.

"பாருங்கோ, எவ்வளவு நீட்டா மெயின்டெய்ன் பண்றோம். உங்க பக்கம் இப்படி ஒண்ணு காட்ட முடியுமா?"

"சிலுவைய ஏன் சார் புடுங்கினீங்க?" என்றார் மைக்கேல்ராஜ்.

கிருத்திகாதான் பதில் சொன்னாள். தலையை நிமிர்த்தவில்லை. "போட்டோவுல கோணல் மாணலா தெரியுதுன்னு... மறுபடியும் நட்டுடலாம்னு நெனச்சோம் சார்."

மைக்கேல்ராஜ் சுவரோரம் நடந்தார். பிப்ரவரி கடைசியில் அந்த இடத்தில் அடுத்தடுத்து மூன்று அடக்கம் நடந்தது அவருக்கு நினைவிருந்தது. ஒன்று பெர்னதெத். ஒன்று ஒரு தையல்காரக் கிழவர். ஒன்று பிறந்து பெயர் வைக்காத குழந்தை. முதலில் இங்கே என்று நின்றார். பிறகு நாலடி தள்ளி, இல்லை இங்கே என்று நின்றார். மறுபடி முதல் இடத்துக்கே வந்தார். மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருந்தது. அவர் திரும்பி வந்து வெங்கடசுப்ரமணியனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தச் சுவரோரத்தில் நிறுத்தினார்.

"சார், நீங்க ஒப்பிடறவங்க ஆச்சே. இதோ, இங்க மூணு பேரு இருக்காங்க. ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாத்து சொல்லுங்க சார். இதுல எது என் பெர்னதெத்து?"

வெங்கடசுப்ரமணியன் தரையைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையை விடுவித்துக்கொண்டார். கிருத்திகா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அங்கே இந்த மாதிரி ஏதாவது நடந்திருக்கா, உடனே கேட்டு வாங்கு. இதைவிடப் பெரிசா இருக்கும்."

அப்பாதுரை அடுக்கியிருந்த சிலுவைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றித் திருநீறு வியர்வையில் வழிந்திருந்தது.

"அண்ணே," என்றார். "நான் கெளம்பி வர்ற அன்னிக்கு எங்க தோட்டத்துக்குள்ளயும் மண்வாரியோட ஆளுங்க போயினு இருந்தாங்க. சுத்தம் பண்றாங்கன்னு சொன்னாங்க. நான் ஷுக்ரியா சொல்லிட்டு வந்தேன்."

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். கல்லின் பாரத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"அண்ணா, பேகா சொல்லுங்க, லேட்டாவுது. இந்தக் கல்ல எங்க எறக்கறது?"